கொமாண்டோவுக்கு ஒரு டப்பா பன்றிக்கறி

அந்தச் சனிக்கிழமையும் செலீன் பன்றிக்கறிதான் சமைத்திருந்தார். புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு, மிளகு வறுத்துப் போட்டு, கறுக்கக் கறுக்க வற்றவைத்த கறி. அதைப் பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் நிரப்பி, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டு, அதற்கு மேல் இரண்டு பொலித்தீன் பையும் கட்டி மகளின் கையில் கொடுத்தார். அப்படியிருந்தும் கொட்டாஞ்சேனைச் சந்தி வரைக்கும் மணந்தது.

"ஆறுறதுக்கு முதல் குடுத்திருங்க மகள். கொமாண்டோப் பிள்ளை. தின்னாம எப்பிடி ஓடுறது, பாயிறது?"

ரொஷேல் தலையாட்டினாள். அவளுக்குப் பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் நகரத்தின் மறு பக்கம் இருக்கும் வெள்ளவத்தைக்கு இரசாயனவியல் டியூஷனுக்குப் போகிறவள். இந்தக் கொஞ்ச நாளாக அவள் கற்றுத் தேர்ந்த ஒரே பாடம், முகத்தை மாற்றாமல் தலையாட்டுவது.

ஏனென்றால் கொமாண்டோ ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. அந்த நேரம் கொமாண்டோ வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தில்லைநாதனுடைய சைவச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி அறையில் குப்புறக் கிடந்து நித்திரை கொண்டிருந்தான். முட்டைகூடப் படியேற அனுமதியில்லாத வீடு அது.

அண்ணன் றொஹான் கொமாண்டோப் பயிற்சிக்குத் தெரிவானபோது வீடு திருவிழாக் கண்டது. துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் அப்பா கிளறன்ஸ், கிரேன் ஓட்டுகிறவர்கள் முதல் வாசல் காவலாளி வரைக்கும் கேக் கொடுத்தார். பங்கு மண்டபத்தில் விருந்து நடந்தது. சாமியார் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். எல்லாரையும் விட அதிகம் ஆடியது ரொஷேல்தான். பள்ளிக்கூடத்தில் "எங்கட அண்ணா கொமாண்டோ" என்று அவள் சொல்லாத நாளில்லை. ஜம்பட்டா வீதியில் அவளைப் பார்த்து விசிலடிக்கிற பையன்கள்கூட, அந்தச் செய்தி பரவிய பிறகு, அவள் வந்தால் அவசரமாகத் தங்கள் போனைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் நிமிர்ந்து நடந்தாள்.

அவன் பயிற்சிக்குப் போன மூன்றாம் கிழமை, சனிக்கிழமை டியூஷன் முடிந்து அவள் வெளியே வந்தால், கேற்றடியில் ஒரு மொட்டைத்தலை பையோடு நின்றது.

"விட்டிட்டு வந்திட்டன்," என்றான் றொஹான்.

"ஏன் அண்ணா?"

"ராவில கடலுக்குள்ள இறக்கி, தண்ணிக்குக் கீழ மூச்சைப் பிடிச்சு, கண்ணைத் திறந்து வைச்சிரு எண்டாங்க. திறந்தன். ஒண்டுமே தெரியல்ல. மம்மிட ஞாபகம் வந்திட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ரொஷேலுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அவளுக்குத் தெரிந்து அண்ணன் எதற்கும் பயந்தவனில்லை.

அவன் ஒன்றும் சுவர் ஏறிக் குதித்து ஓடி வரவில்லை. முதல் மாதத்துக்குள் விரும்பாதவர்கள் கையெழுத்து வைத்து விலகலாமாம். முறையாகத்தான் விலகியிருந்தான். குற்றம் இல்லை, வெட்கம்தான். டடாவின் முகத்தில் எப்படி முழிப்பது, அந்தக் கேக் தின்றவர்கள் எல்லாம் என்ன கேட்பார்கள், டிசெம்பரில் நத்தார் பண்டிகை வரைக்கும் எங்கேயாவது இருந்துவிட்டு, பயிற்சி முடிகிற காலத்தில் கால் சுளுக்கி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லலாம் என்றான்.

அந்த இடத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அவள் அதை நினைத்தாள். அன்றைக்கு இழுக்கவில்லை. அப்பாவின் பிரஷரை நினைத்தாள். அண்ணனின் வெட்கத்தை நினைத்தாள். இரண்டுக்கும் அடியில், ஜம்பட்டா வீதி விசிலையும் நினைத்தாள். அதை மட்டும் அண்ணனிடம் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் அடுத்த குண்டு காத்திருந்தது. பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு முகாமுக்கே போய்வரப் போவதாக அம்மா சொன்னார். ரொஷேலின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. தன்னோடு டியூஷன் படிக்கும் உஷாந்தியின் சித்தப்பா அந்த முகாமின் கன்ரீனில்தான் வேலை, சனிக்கிழமை தோறும் வெள்ளவத்தைக்கு வருவார், அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றாள். உஷாந்திக்குச் சித்தப்பாவே கிடையாது. மூன்று சித்திமார் கனடாவில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

செலீன் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேற ஒண்டும் சொல்ல இல்லையா மகள்?"

"இல்ல மம்மி."

"சரி."

ஒரு குடையை இரவல் கொடுத்தால்கூடப் பூர்வீகம் விசாரிக்கிற அம்மா, சித்தப்பாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார்தான் காப்பாற்றினார் என்று ரொஷேல் நினைத்துக்கொண்டாள்.

காப்பாற்றியவர் பன்றிக்கறியைப் பற்றி யோசிக்கவில்லை.

தில்லைநாதன் விபூதியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கல்லாவில் இருக்கிற, அதிகம் பேசாத மனிதர். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரிக்கு மூக்குத்தான் கண். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வெங்காயம் பழையதா புதியதா என்று இங்கிருந்தே சொல்லக்கூடியவர். றொஹானைக் கடைச் சாப்பாட்டுப் பார்சல்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு எடுத்து, மேல் அறையையும் கொடுத்தபோது அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மச்சம் மாமிசம் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். றொஹான் சைவ வீட்டுக்குள் பன்றியையே மறைக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமையே ஜெகதீஸ்வரி படியடியில் நின்று மூக்கை உயர்த்தினார். மேலே ஏதோ நாறுது என்றார். றொஹான் டப்பாவைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். நல்ல காலம், கல்லாவில் இருந்த தில்லைநாதன் தலையை நிமிர்த்தாமலே, எலி ஏதும் செத்திருக்கும் என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது எலி வேட்டை. சாம்பிராணி போட்டார்கள். சீலிங் பலகை இரண்டைக் கழற்றிப் பார்த்தார்கள். தில்லைநாதனே டோர்ச் லைட்டோடு ஏணியில் ஏறி, விபூதிக்கு மேல் ஒட்டடை அப்ப இறங்கி வந்து, "காணேல்லை" என்றார். அடுத்த கிழமை ஜெகதீஸ்வரி ஒரு பூனையைக் கொண்டுவந்தார். பூனை வீடு முழுக்கச் சுற்றவில்லை. நேரே போய் றொஹானின் அறைக் கதவடியில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான், எழும்பவேயில்லை.

றொஹான் எலும்புகளைப் பையில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் எறிந்தான். வெள்ளவத்தைக் காகங்கள் விஷயம் தெரிந்தவை. அடுத்த சனிக்கிழமை அவன் வெறுங்கையோடு போனபோதும் தண்டவாளத்தைத் தாண்டிக் கடை வாசல் வரைக்கும் கூட்டமாகப் பின்னால் வந்தன. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். சனிக்கிழமையில் காகம் தேடி வருகிறதென்றால் பையனிடம் ஏதோ புண்ணியம் இருக்கிறது என்றார். அன்று முதல் சனீஸ்வரனுக்கு எள்ளுச்சோறு வைக்கிற பொறுப்பு கத்தோலிக்கப் பையனிடம் வந்து சேர்ந்தது.

ரொஷேல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முகாமில் இப்போது இறைச்சி கூடாதாம் என்று வீட்டில் சொன்னாள். "பாவம்," என்றார் செலீன். அடுத்த கிழமை டப்பாவில் பொரித்த கருவாடு வந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் கொள்ளுப்பிட்டி தாண்டியும் காலியாகவே இருந்தது. பன்றிக்கறியே பரவாயில்லை என்று அண்ணன் கும்பிட்டுச் சொன்னான். இறைச்சிக்குத் தடை நீங்கிவிட்டது என்று அவள் வீட்டில் அறிவித்தாள். செலீன் பையை எடுத்தார். சந்தைக்குப் போனார்.

டப்பா திரும்பி வரவேண்டும் என்பது செலீனின் சட்டம். டப்பாவை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதும் அவர் பிள்ளைகளுக்குப் பழக்கிய சட்டம்தான். ஒருநாள் றொஹான் பழக்க தோஷத்தில் நான்கு உளுந்து வடையைப் போட்டு அனுப்பிவிட்டான். வீட்டில் மூடியைத் திறந்தபோதுதான் ரொஷேல் கண்டாள். மேசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

"கன்ரீனில குடுத்தாங்க," என்றாள். குரல் கீச்சிட்டது.

கிளறன்ஸ் ஒன்றை எடுத்துப் பிய்த்து, மெதுவாக மென்றார்.

"உளுந்து நல்லா அரைபட்டிருக்கு," என்றார். "கொமாண்டோ முகாம் எண்டா சும்மாவா?"

செலீன் தன் வடையைச் சாப்பிடவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். தடிமன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் றொஹான் போன் எடுப்பான். முகாமில் ஞாயிறு மட்டும்தான் போன் தருவார்கள் என்பது ஏற்பாடு. கிளறன்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்பார். ரொஷேல் நகம் கடித்தபடி நிற்பாள். ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கரையோர ரெயில் தடதடவென்று போனது. "அது ஹெலிகொப்டர் டடா," என்றான் றொஹான். இன்னொரு நாள் பிள்ளையார் கோயில் மணி அடித்தது. முகாமில் எல்லாச் சமயத்துக்கும் வசதி இருக்கிறது என்றான். வேறொரு நாள் கீழே கடையில் யாரோ பெருங்குரலில், "ரெண்டு மசால் தோசை, ஒரு நெய்த் தோசை, சட்னி கூட" என்று கத்தியது கொட்டாஞ்சேனையில் தெளிவாகக் கேட்டது.

மேசையில் மூன்று பேரும் அசையவில்லை.

"அது சங்கேத வார்த்தை," என்றான் றொஹான்.

கிளறன்ஸ் மகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். "ராணுவ ரகசியம். வெளிய ஒருத்தருக்கும் சொல்லக்கூடா."

இப்படியும் ஒரு வெகுளி அப்பாவா என்று ரொஷேலுக்கு அழுகை வந்தது. அந்த வெகுளி, மகன் வீட்டுக்கு வரும் வரைக்கும் தொடுவதில்லை என்று, பின்னேரம் போடுகிற ஒரு கிளாஸ் சாராயத்தையும் விட்டிருந்தார். ஆறு மணியானால் வெறும் இஞ்சித் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார். அம்மா செவ்வாய் தோறும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து நடக்கிறார். பூசை முடிந்து எந்நேரமோதான் வருவார். மழை தொடங்கிய பிறகு ஒரு செவ்வாய், குடையைக் கோயிலில் விட்டுவிட்டேன் என்று சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். அந்தக் கிழமை டப்பாவோடு ஒரு மழைக்கோட்டும் போனது. சைக்கிள்காரர்கள் போடுகிற மஞ்சள் மழைக்கோட்டு. கொமாண்டோவுக்கு எதற்கு மழைக்கோட்டு என்று ரொஷேல் மனதுக்குள் சிரித்தாள். ஆனால் அண்ணன் மழையில் பார்சலோடு நனைந்து திரிகிறவன்தான். அவன் அதைப் போட்டுப் பார்த்து, "அளவு சரியா இருக்கு," என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வீட்டுக்குப் போவமா அண்ணா?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள்.

"நீ சொல்லிப் பாக்கிறியா?"

சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். வீட்டில் போய் வாயைத் திறந்தாள். அன்று காலைதான் டியூஷன் வகுப்பில் டீச்சர், ரொஷேலின் அண்ணனைப் பாருங்கள், தைரியம் என்றால் அது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார். திறந்த வாயால் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

நவம்பர் கடைசியில் அப்பா படம் கேட்டார். மூன்று மாதம் தோசையும் பன்றிக்கறியும் மாறி மாறித் தின்ற றொஹானுக்குக் கன்னம் உப்பி, நாடிக்குக் கீழே இரண்டாம் நாடி விழுந்திருந்தது. ரொஷேல் பச்சை ரீசேட் ஒன்று இரவல் வாங்கிக் கொடுத்து, கடற்கரைப் பாறையில் நிற்கவைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லிப் படமெடுத்தாள். அவனால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. அதைத்தானே முகாமிலும் செய்யமுடியாமல் வந்தான் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

படத்தைப் பார்த்த செலீன், "மெலிஞ்சிட்டான்," என்றார்.

"அது தசை," என்றார் கிளறன்ஸ்.

இருவரும் மாறி மாறி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நெற்றியை, கன்னத்தை, காலில் இருந்த செருப்பை. மகனின் பயிற்சியை இவ்வளவு நம்பியிருக்கிற பெற்றோரை ஏமாற்றுகிறோமே என்று ரொஷேல் நினைத்தாள்.

நினைத்து முடிப்பதற்குள் கிளறன்ஸ் கடைசிக் குண்டைப் போட்டார். வருகிற சனிக்கிழமை பயிற்சி முடித்தவர்களுக்குப் பட்ஜ் குத்துகிற நாளாம், எல்லாரும் முகாமுக்குப் போகிறோம், வான் பேசியாகிவிட்டது.

"உஷாந்திட சித்தப்பாவும் வரட்டும். பாதை தெரிஞ்ச மனுசன். முன் சீட் அவருக்குத்தான்."

"முன் சீட்டில இருந்தா அவருக்குத் தலை சுத்திச் சத்தி வரும் டடா."

"அப்ப நடு சீட்." கிளறன்ஸ் இஞ்சித் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "போறதுக்கு முதல் ஏதும் சொல்ல இருந்தா சொல்லுங்க மகள். நாங்க ஏச மாட்டம்."

எத்தனை எளிதாகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் அந்தக் கதவைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள்.

இல்லாத சித்தப்பாவைச் சனிக்கிழமைக்கு முன் உண்டாக்கவேண்டும். வயதான, மரியாதையான, யாரும் சந்தேகப்படாத முகம் வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒரு முகம்தான் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வெள்ளவத்தைக்குப் போனாள். மத்தியானக் கூட்டம் முடிந்து கடை வெறிச்சோடியிருந்தது. அண்ணன் பார்சல் கொண்டு போயிருந்தான். ஜெகதீஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தார். பூனை மட்டும் படியில் காவல் இருந்தது.

தில்லைநாதன் கல்லாவில் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஒரு உதவி. ஒருநாள் மட்டும் என்ட ஃபிரண்டுட சித்தப்பாவா இருக்க ஏலுமா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவள் ஒரு புதுப் பொய் சொல்லித் தப்பியிருப்பாள். கோபமில்லாததால் எல்லாம் கொட்டிவிட்டது. கடலுக்குள் கண்ணைத் திறந்தது, கையெழுத்து, கன்ரீன் சித்தப்பா, ஹெலிகொப்டர், சங்கேத வார்த்தை, பச்சை ரீசேட். ஜம்பட்டா வீதி விசில்கூட வந்துவிட்டது. சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகியது. அவர் மேசையில் இருந்த பேப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இன்னொண்டு. உங்கட வீட்டில செத்தது எலி இல்ல."

"ம்."

"பண்டி இறைச்சி. சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் கொண்டு வாறன்."

தில்லைநாதன் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதை நீர் வேற ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்ல அங்கிள். உங்களுக்குத்தான் முதல்ல."

"அதுதான் பிள்ளை பிழை. முதல்ல சொல்லவேண்டிய இடம் இது இல்லை."

அவர் எழுந்து கல்லாவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்தார். கறுப்புக் குடை. பிடியில் நூலால் கட்டிய சின்ன அந்தோனியார் மெடல் ஆடியது. நூல் கட்டியது ரொஷேல்தான், அம்மாவின் பிறந்தநாளுக்கு.

"இதை அம்மாட்டக் குடும். செவ்வாய்க்கிழமையில பெடியன் வெளிய போற நேரம் பாத்து வந்து, ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டு, 'மெலிஞ்சிட்டானா' எண்டு கேட்டிட்டுப் போறவ. ஒருநாள் மழைக்க அவன் சைக்கிளில நனைஞ்சு வாறதைக் கண்டிட்டுக் குடையையும் மறந்து பின்பக்கத்தால ஓடிட்டா."

ரொஷேல் குடையை வாங்கினாள். மெடலைத் திருப்பி, தான் கட்டிய முடிச்சைப் பார்த்தாள்.

"மம்மிக்கு எப்பிடி..."

"பெடியன் விலகின அண்டைக்கே முகாமில இருந்து வீட்டுக்குப் போன் வந்திட்டுது, முதல் சனிக்கிழமை நீர் ஏறின பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில அவ வந்து இறங்கினவ, 'அண்ணனைச் சொல்லித்தான் என்ட மகள் நிமிந்து நடக்குது, அது தானா வந்து சொல்லுமட்டும் நாங்க தெரியாத மாதிரி இருப்பம், நீங்களும் கொஞ்சம் பொறுங்க' எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதவ, அதுக்காகத்தான் பிள்ளை, பூசை நடக்கிற வீட்டுக்குள்ள மூண்டு மாசமா நான் இல்லாத எலியைத் தேடிக்கொண்டு திரியிறன்."